கறைபட்ட கை தந்த குன்று

அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையிலே, லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரின் நடுவே, ஒரு குன்றுக் கூட்டம் நிற்கிறது. கிழக்கே ஒரு நெடுஞ்சாலை, வடக்கே ஒரு நெடுஞ்சாலை. இரண்டிலும் இரவு பகல் பாராமல் ஓடும் வண்டிகள். தெற்கே ஹாலிவுட்டின் படக்கொட்டகைகளும் பணக்காரர் மாளிகைகளும். இத்தனைக்கும் நடுவே 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம், பெரும்பகுதி காடாகவே விடப்பட்டுக் கிடக்கிறது. கிரிபித் பூங்கா என்று பெயர். பூங்கா என்றதும் பாத்தி கட்டிய ரோஜாவும் கத்தரித்துவிட்ட புல்தரையும் நம் மனக்கண் முன் வந்து நிற்கும். அங்கே காண்பது வேறு. கோடையிலே காய்ந்து கருகும் புதர்க்காடு. பள்ளங்களிலே ஓக் மரங்கள். கால் வைத்தால் மண் சரியும் சரிவுகள். இவற்றினூடே ஏறத்தாழ 53 மைல் நீளத்துக்குப் பாதைகள். உணவகத்திலே தட்டுக் கழுவியவரும், பணிமனையிலே வேலை முடித்தவரும், திரைப்படத்திலே முகம் காட்டியவரும் அந்தப் பாதைகளிலே ஒருவர்பின் ஒருவராக ஏறுகிறார்கள். நடப்பதற்குக் கட்டணம் இல்லை. 'நீ யார்?' என்று கேட்பாரும் இல்லை. 1,625 அடி உயரமுள்ள ஹாலிவுட் குன்றின் உச்சியிலே நின்றால், ஒருபுறம் மாநகரும் தொலைவிலே கடலும், மறுபுறம் பள்ளத்தாக்கும் அதற்கப்பால் நெடுமலைகளும்.

இந்தக் குன்றை நகருக்கு அளித்தவர் யார் என்று கேட்டால், பெயரிலேயே விடை இருக்கிறது. எப்படிப்பட்டவர் அவர் என்று கேட்டால், கட்டிய மனைவியை மண்டியிடச் செய்து முகத்துக்கு நேரே சுட்டவர் என்பதும் விடைதான்.

தீங்கு செய்த கை நீட்டுகிற நன்மையை ஏற்கலாமா? ஏற்றால், அந்தத் தீங்கை மன்னித்தவர் ஆவோமா? மறுத்தால், அந்த நன்மையால் பயன்பெறக்கூடிய ஆயிரமாயிரம் ஏழைகளுக்கு நாமே தீங்கு செய்தவர் ஆவோமா? படிப்பகம் கட்ட வேண்டும் என்று நன்கொடைச் சீட்டைக் கையிலேந்தி, ஊர்ப் பெரியதனக்காரரின் வாயிற்படி ஏறிய எந்த இளைஞரும் இந்தக் கேள்வியைத் தமக்குள் ஒருமுறையேனும் கேட்டிருப்பார். ஆகவே, இதை அயல்நாட்டார் கதை என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

கிரிபித் ஜென்கின்ஸ் கிரிபித் 1850-ல் வேல்ஸ் நாட்டிலே பிறந்தவர். இளவயதிலே அமெரிக்கா சென்றார். சான்பிரான்சிஸ்கோ நாளிதழொன்றிலே சுரங்கச் செய்திகள் எழுதினார், எழுதி எழுதிச் சுரங்கத் தொழிலின் நெளிவு சுளிவுகளை அறிந்தார், அறிந்ததைப் பணமாக்கினார். 1882-ல் லாஸ் ஃபெலிஸ் என்னும் பெரும்பண்ணை நிலத்தை வாங்கினார். தம்மைக் 'கர்னல்' என்று அழைத்துக்கொண்டார். எந்தப் போர்க்களத்திலே எந்தப் படையை நடத்தினார் என்று கேட்டால், விடை சொல்வார் இல்லை. கையிலே பொற்பூண் கம்பு, நடையிலே மிடுக்கு, பேச்சிலே தற்பெருமை. நம் நாட்டு ஜமீன்தார்களைக் கண்டவர்களுக்கு மேற்கொண்டு வருணனை தேவையில்லை.

1896 டிசம்பர் 16-ல், இந்தக் கர்னல் நகர மன்றத்துக்குச் சென்று, 3,015 ஏக்கர் நிலத்தைக் கிறிஸ்துமஸ் பரிசாகத் தருவதாக அறிவித்தார். அது எளிய மக்களின் பூங்காவாக, உழைப்போர் ஓய்வு கொள்ளும் இடமாக இருக்க வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். வரிச்சுமையைத் தள்ளிவிடவே நிலத்தைத் தள்ளிவிட்டார் என்று அன்றே சிலர் முணுமுணுத்தனர். இருக்கலாம். கொடுப்பவன் நெஞ்சைக் கீறிப் பார்த்துத்தான் கொடையை ஏற்பது என்றால், உலகிலே ஒரு கிணறும் வெட்டப்பட்டிராது. ஒரு சாவடியும் எழுந்திராது.

ஏழாண்டுகள் கழிந்தன. 1903 செப்டம்பர் 3-ஆம் நாள், சாந்தா மோனிகா கடற்கரையிலிருந்த ஓர் உயர்தர விடுதி. கிரிபித் அறைக்குள் நுழைந்தார். ஒரு கையிலே வழிபாட்டு நூல், மறு கையிலே துப்பாக்கி. மனைவி கிறிஸ்டினாவை மண்டியிடச் சொன்னார். நூலை அவர் கையிலே கொடுத்து, வரிசையாகக் கேள்விகள் கேட்டார். மனைவி கத்தோலிக்கர், கணவர் புராட்டஸ்டன்ட். போப்பாண்டவரோடு சேர்ந்துகொண்டு தம்மை நஞ்சிட்டுக் கொல்ல மனைவி சதி செய்கிறார் என்பது அந்தக் கோடீசுவரரின் மூளையிலே குடியேறிய எண்ணம். உள்ளே சாராயம், அதன்மேல் மதவெறி. கேள்வி முடிந்தது, துப்பாக்கி வெடித்தது. அந்த நொடியிலே தலையைத் திருப்பியதால் உயிர் தப்பினார் கிறிஸ்டினா. வலக்கண் போயிற்று. குருதி வழியும் முகத்தோடு சன்னல் வழியே குதித்து ஓடினார்.

வழக்கு நடந்தது. பணக்காரருக்கு வழக்கறிஞரா கிடைக்காமல் போவார்? ஏர்ல் ரோஜர்ஸ் என்னும் பெயர்பெற்ற வழக்கறிஞர், 'குடியினால் வந்த பித்து' என்று வாதாடினார். கொலை முயற்சி என்ற குற்றம் சுருங்கி, ஆயுதத்தால் தாக்கிய குற்றமாயிற்று. ஈராண்டுச் சிறை, 5,000 டாலர் தண்டம். கண்ணொன்றின் விலை அவ்வளவு. கோழி திருடியவனுக்கு எவ்வளவு தண்டனை தந்தார்கள் என்று நாம் கேட்கவில்லை.

சான் குவென்டின் சிறையிலிருந்து 1906 இறுதியிலே வெளிவந்தவர், சிறைச் சீர்திருத்தம் பற்றிப் பேசினார், எழுதினார். குடியைக் கைவிட்டார் என்பர். மவுண்ட் வில்சன் மலைமேலிருந்த பெருந்தொலைநோக்கியிலே வானைக் கண்டு வியந்தவர் அவர். இந்தக் காட்சியை எல்லா மக்களும் கண்டால் உலகமே மாறிவிடும் என்று உணர்ந்தாராம். 1912-ல் மீண்டும் நகரத்தின் முன் வந்து நின்றார். குன்றின் உச்சியிலே பொதுமக்களுக்கான வானாய்வுக்கூடம் கட்ட 100,000 டாலர் தருகிறேன் என்றார்.

இப்போதுதான் நகரத்துக்கு மனச்சான்று விழித்தது. மன்றத்தார் ஏற்க முனைந்தனர்; பூங்கா ஆணையத்தார் எதிர்த்தனர். மனைவியைச் சுட்டவன் தன் பெயருக்கு வெள்ளையடிக்க நகரத்துக்குத் தரும் கையூட்டு இது; இதை வாங்கினால் நம் பிள்ளைகளுக்கு என்ன பாடம் கற்பிக்கிறோம் என்று கேட்டனர் சிலர். வாதமும் தடையுமாக ஆண்டுகள் ஓடின. 1919-ல் கிரிபித் இறந்தார். பணத்தை ஓர் அறக்கட்டளையாக எழுதிவைத்திருந்தார். இறந்தவரின் பணத்தை நகரம் ஏற்றுக்கொண்டது. வானாய்வுக்கூடம் 1935 மே மாதம் திறக்கப்பட்டது.

நிலத்தை வைத்துக்கொண்டு பணத்தை மறுத்தது ஏன்? வாழ்ந்தவரிடம் மறுத்ததை மாண்டவரிடம் வாங்கியது ஏன்? இரட்டை நாக்கு அல்லவா இது? இப்படிக் கேட்பவர் உண்டு. நமக்கோ அந்த நகரம், தான் அறிந்தோ அறியாமலோ, நேர்மையான ஒரு வேறுபாட்டைக் கண்டுகொண்டது என்றே தோன்றுகிறது. நிலம் 1896-லேயே மக்களுடையதாகிவிட்டது. அதைத் திருப்பித் தருவது யாருக்குத் தண்டனை? ஞாயிறுதோறும் குழந்தையைத் தோளிலேற்றிக் குன்றேறும் தொழிலாளிக்குத்தான். உயிரோடிருப்பவர் நீட்டும் பணமோ வேறு. அந்தப் பணத்தோடு ஒரு மேடை வரும். மேடையிலே ஒரு மாலை வரும். மாலையோடு ஒரு மறதி வரும். மறதியைத்தான் அவர் விலைக்குக் கேட்டார். மாண்டவருக்கு மாலை சூட்டினாலும் அவர் கழுத்திலே மணக்காது. பணம் வெறும் பணமாக வந்தது அப்போதுதான்.

ஒரு கேள்வி மட்டும் இந்தக் கணக்கிலே தீராமல் நிற்கிறது. நகர மன்றத்தார் பேசினர், ஆணையத்தார் பேசினர், ஏடுகள் பேசின. சுடப்பட்டவரை யாரேனும் கேட்டார்களா? மன்னிக்கும் உரிமை என்று ஒன்று இருந்தால், அது கிறிஸ்டினாவுக்கு மட்டுமே உரியது. அவர் கண்ணுக்காக மற்றவர் பரிந்து பேசலாம்; அவர் சார்பிலே மற்றவர் மன்னிக்க முடியாது. இன்று பூங்காவின் நுழைவிடம் ஒன்றிலே கிரிபித்தின் வெண்கலச் சிலை நிற்கிறது. சிலையைக் கடந்து மேலே சென்றால் வானாய்வுக்கூடம். ஒரு கண்ணைப் பறித்தவரின் பணத்திலே, இலட்சக்கணக்கான கண்கள் வானத்தைக் காண்கின்றன. இதைச் சமன் செய்துவிட்ட கணக்கு என்று நாம் சொல்லவில்லை. கண்ணுக்குக் கண் ஈடாகாத கணக்கு இது.

ஆனாலும் அந்தக் கூடத்தைப் பற்றி இரண்டு சொல் சொல்லாமல் போவது நமக்கு அழகன்று. வாயிலின் முன்னே ஒரு தூண். தூணைச் சுற்றி ஆறு பேரின் உருவம். வேந்தர் இல்லை, படைத்தலைவர் இல்லை, அடியார் இல்லை. ஹிப்பார்க்கஸ், கோப்பர்நிக்கஸ், கலிலியோ, கெப்ளர், நியூட்டன், ஹெர்ஷல். வேலையற்றுத் தவித்த கலைஞர்களுக்கு அரசு வேலை தந்த 1934-ஆம் ஆண்டிலே எழுந்தது அது. கூடத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. 12 அங்குலத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. உலகிலே வேறெந்தத் தொலைநோக்கியிலும் இத்தனை மக்கள் கண்வைத்துப் பார்த்ததில்லை என்று பெருமையோடு சொல்கின்றனர். மலையேறி வந்தவர் கையிலே யாரும் திருநீறு வைப்பதில்லை. சனிக் கோளின் வளையத்தைக் காட்டி அனுப்புகிறார்கள். ஒருவருக்கு அரை நிமிடம்தான். பின்னாலே வரிசை நீள்கிறது.

கொடை கொடை என்று இதுவரை பேசினோம். கொடுத்தவருக்கு அந்தக் குன்று எப்படி வந்தது?

கிரிபித் விலைகொடுத்து வாங்கினார். அவருக்கு முன் சில கைகள். அந்தக் கைகளுக்கு முன் ஃபெலிஸ் குடும்பம். அந்தக் குடும்பத்துக்கு வந்தது எப்படி? 1781-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஊர் தோன்றியபோது குடியேறிகளுக்குக் காவலாக வந்த ஸ்பானியப் படைவீரர் ஒருவர், ஹோசே விசென்டே ஃபெலிஸ். அவர் பணியைப் பாராட்டி ஸ்பானிய ஆட்சி நிலத்தை அளித்தது. ஆட்சிக்கு அந்த நிலம் எப்படி வந்தது? அங்கே டோங்வா என்னும் பழங்குடியினர் வாழ்ந்தனர். இன்று சிறுவர் நடக்கும் பள்ளத்தாக்கின் வாயிலிலேயே அவர்களுடைய ஊர் இருந்தது. அவர்களை யாரும் கேட்கவில்லை. எவரும் விற்காததை ஒருவன் கொடுத்தான். கொடுத்ததை ஒருவன் விற்றான். விற்றதை ஒருவன் வாங்கி, 'பரிசு' என்று பட்டு நூல் கட்டித் தந்தான். பரிசு என்ற சொல்லைச் சற்று நிதானமாகவே ஒலிக்க வேண்டும்.

வள்ளல் என்ற சொல் நமக்கு இனிக்கும். பறம்புமலைப் பாரியைப் போற்றிய மொழி இது. ஆயினும் வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர், அதற்கு முன்னேயே ஒப்புரவுக்குத் தனியாக ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஈகையிலே கொடுப்பவன் மேலே, கொள்பவன் கீழே. ஒப்புரவிலே மேலும் இல்லை கீழும் இல்லை. ஊருக்குப் பொதுவாக ஒன்று இருக்கிறது, இருக்க வேண்டியது இருக்கிறது, அவ்வளவே. குன்றின்மேல் நடக்கிறவர் கிரிபித்துக்கு நன்றி சொல்லிக்கொண்டா நடக்க வேண்டும்? பொதுச் சாலையிலே நடப்பவர் யாருக்கு நன்றி சொல்கிறார்? 53 மைல் பாதையை ஈகையாகப் பார்ப்பவர் சிலையின் முன் நிற்பார். ஒப்புரவாகப் பார்ப்பவர் பாதையை வெட்டியது யார் என்று கேட்பார்.

அது நாம் கேட்க வேண்டிய கேள்வி. நிலம் கிரிபித் தந்தது. பாதை அவர் தந்ததன்று. மண்ணை வெட்டியவர், கல்லைப் புரட்டியவர், புதரைக் களைந்தவர் வேறு. 1930-களின் பெருமந்தத்திலே அமெரிக்காவில் ஆலைகள் மூடப்பட்டன, வங்கிகள் கவிழ்ந்தன, நேற்றுவரை எழுத்தராகவும் தச்சராகவும் இருந்தவர் இன்று கஞ்சிக்கு வரிசையில் நின்றனர். அவர்களுக்கு நிவாரண வேலை என்று கொடுக்கப்பட்டவற்றிலே ஒன்று, இந்தப் பூங்காவிலே பாதை அமைப்பதும் புதர் வெட்டுவதும். மணிக்கு 40 சென்ட் கூலி.

1933 அக்டோபர் 3. வெப்பம் மிகுந்த நாள். ஆயிரக்கணக்கானவர் குன்றெங்கும் வேலை செய்துகொண்டிருந்தனர். பிற்பகலிலே மினரல் வெல்ஸ் பள்ளத்தாக்கின் பக்கம் புகை கிளம்பிற்று. தீயை அணைக்கப் போங்கள் என்றனர் மேலாளர். கையிலே மண்வெட்டி, காலிலே சாதாரணச் செருப்பு, தீயணைக்கும் பயிற்சியோ அணுவளவும் இல்லை. குறுகிய பள்ளத்துக்குள் இறங்கினர். முன்னேறும் தீக்கு எதிர்த்தீ வைப்பது என்பது தேர்ந்தவர் செய்யும் வேலை. அதைத் தெரியாதவர் செய்தனர். காற்றுத் திரும்பிற்று. சரிவிலே ஏறி ஓட முயன்றவரைத் தீ துரத்திப் பிடித்தது. தீ விழுங்கிய நிலம் 47 ஏக்கர்தான். விழுங்கிய உயிர் 29 என்பது அரசுக் கணக்கு. நிவாரணக் கூலிக்கு வந்தவரின் பெயரைச் சரியாக எழுதி வைக்காததால், யார் இறந்தார், யார் வீட்டுக்குப் போய்விட்டார் என்று அறியவே பாடுபட்டனர்.

இதற்கும் ஒரு 'விளக்கம்' தயாராக இருந்தது: சாபம்! 1863-ல் ஃபெலிஸ் குடும்பத்தின் தலைவர் அம்மை நோயால் இறந்தபோது, சொத்திலே பங்கு கிடைக்காத ஓர் இளம் பெண் இந்த நிலத்தைச் சபித்தாளாம். அதனால்தான் வாங்கியவர் எல்லாரும் கெட்டார்களாம். கிரிபித் பித்தனானதும் அதனாலேயாம். அறிவியல் வளர்ந்த நாடு, வானாய்வுக்கூடம் கட்டிய நகரம், அங்கும் இந்தப் பாட்டிக் கதை இன்றளவும் விலைபோகிறது. சாபம் என்று சொல்வதிலே ஒரு வசதி இருக்கிறது. பயிற்சியில்லாதவரைத் தீக்குள் அனுப்பியது யார் என்று கேட்க வேண்டியதில்லை. காய்ந்த புதர், திரும்பிய காற்று, திட்டமில்லாத கட்டளை, 40 சென்டுக்கு எதையும் செய்தாக வேண்டிய வயிறு. இந்த நான்கும் போதும் 29 பேரைக் கொல்ல. சபிக்க ஒரு பெண் தேவையில்லை.

கிரிபித்தின் பெயர் பூங்காவுக்கே இருக்கிறது. அந்த 29 பேரின் பெயரைச் சொல்லத் தெரிந்தவர் அந்நகரிலே எத்தனை பேர்?

பொது என்று எழுதிவைத்துவிட்டால் பொதுவாகிவிடுவதில்லை என்பதற்கும் அந்தப் பூங்காவே சான்று. 1961 மே 30, விடுமுறை நாள். பூங்காவின் ராட்டினத்தருகே, சீட்டு வாங்காமல் ஏறினான் என்று ஒரு கறுப்பின இளைஞனைப் பிடித்தனர். கூட்டம் திரண்டது, காவலரும் திரண்டனர், கைகலப்பாயிற்று. அதே மாதத்திலேதான் தெற்கு மாநிலங்களிலே, பேருந்திலே சமமாக அமரும் உரிமைக்காகச் சென்ற இளைஞர்களை நிறவெறியர் தாக்கிக்கொண்டிருந்தனர். ஒரு சீட்டுக்காகவா அத்தனை காவலர்? 'எளிய மக்களின் பூங்கா' என்ற சொற்றொடரிலே மக்கள் என்றால் யார் என்பதைச் சட்டப்பலகை சொல்லாது. வாயிலில் நிற்பவன் பார்வை சொல்லும்.

வாயில் என்றதும் இன்னொரு வாயில் நினைவுக்கு வருகிறது. குன்றின்மேல் நிற்கும் 'ஹாலிவுட்' என்ற பேரெழுத்துகளைப் படத்திலே காணாதவர் இல்லை. 1923-ல் வீட்டுமனை விற்கும் கூட்டத்தார் வைத்த விளம்பரம் அது. மனைகள் விற்றுத் தீர்ந்தன, விளம்பரம் மட்டும் சின்னமாயிற்று. அந்த எழுத்துகளை அருகே காண விரும்புவோர், பீச்வுட் பள்ளத்தாக்கின் தெருவழியே சென்று பாதையிலே ஏறுவது வழக்கம். தெருவிலே குடியிருப்போர் முறையிட்டனர்: வண்டி நிறுத்த இடமில்லை, குப்பை சேர்கிறது, தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி நுழைய முடியாது. அந்த வழியிலே உரிமை பெற்றிருந்த குதிரைப் பண்ணை ஒன்று வழக்குத் தொடுத்தது. முடிவு, 2017 ஏப்ரலிலே நடந்து செல்வோருக்கு அந்த வாயில் மூடப்பட்டது.

குடியிருப்போர் சொன்னதிலே பொய்யில்லை. குறுகிய தெருவிலே ஆயிரம் பேர் வந்து நின்றால் துன்பந்தான். நோயாளி ஏறிய வண்டி சிக்கிக்கொண்டால் அது விளையாட்டன்று. ஆனால் துன்பத்துக்கு மருந்து பல உண்டு: சிற்றுந்து விடலாம், நேரம் வகுக்கலாம், வேறோர் இடத்திலே வண்டிகளை நிறுத்தச் செய்யலாம். பல மருந்துகளிருக்க, வாயிலை மூடுவதே முதல் மருந்தாக எப்போது தோன்றுகிறது? மூடிய வாயிலுக்கு உள்ளே இருப்பவர் வசதியுள்ளவராகவும், வெளியே நிற்பவர் பேருந்திலே வந்தவராகவும் இருக்கும்போதுதான். அந்த மனைகளை வாங்கியபோது அவற்றுக்கு விலை கூடியதே குன்றின் அருகே இருப்பதால். குன்று தரும் விலையும் வேண்டும், குன்றுக்கு வருபவர் வேண்டாம் என்பது எந்த நியாயம்?

நடப்பவருக்கும் நாம் பரிந்து மட்டும் பேசப் போவதில்லை. குறுக்குவழி என்று பாதையைவிட்டு இறங்குகிறவன் காலடியிலே மண் அரிக்கிறது. அவன் எறியும் நெருப்புத் துணுக்கு 50 ஆண்டு வளர்ந்த புதரைத் தின்கிறது. 2007 மே மாதத்துத் தீயிலே 800 ஏக்கருக்கு மேல் கருகிற்று. அந்தக் குன்றிலே குடியிருப்போர் வேறு சிலரும் உண்டு. 2012-ல் ஒரு மலைச்சிங்கம் அங்கே இருப்பதைப் படப்பெட்டி காட்டிற்று. இரண்டு பெருநெடுஞ்சாலைகளை எப்படியோ கடந்து வந்த விலங்கு அது. பி-22 என்று எண்ணிட்டனர். துணையின்றி, திரும்பும் வழியின்றி, பத்தாண்டு அந்தக் குன்றிலே தனித்து வாழ்ந்தது. பகலிலே மனிதர் நடந்த பாதையிலே இரவிலே அது நடந்தது. வண்டி மோதிய காயமும் நோயும் சேர்ந்து துன்புற்றதால், 2022 டிசம்பரிலே மருத்துவர்களே அதன் உயிரை முடித்தனர். நகரமே துயருற்றது. அதே ஆண்டிலேதான், அத்தகைய விலங்குகள் நெடுஞ்சாலையைக் கடக்க மேற்கே ஒரு பாலம் கட்டத் தொடங்கினர். பாதை மனிதருக்கு மட்டுமா என்ற கேள்வியை ஒரு விலங்கு வந்து கேட்டுவிட்டுப் போயிற்று.

பேரும் பணமும் இல்லாமல் அந்தக் குன்றுக்குக் கொடுத்தவர் இல்லையா? இருந்தார். அமீர் டயாலமே என்பவர், ஈரானிலிருந்து வந்து குடியேறியவர். 1971-ல் தீயிலே கருகிக் கிடந்த ஒரு சரிவைக் கண்டார். நிலம் அவருடையதன்று, அவர் செல்வரும் அல்லர். கையிலே கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு தாமே படிவெட்டினார், செடி நட்டார், தோளிலே சுமந்து ஏற்றினார். 2003-ல் இறக்கும்வரை, முப்பதாண்டுகளுக்கு மேல், வாரந்தோறும் அதே வேலை. ஏறி வருபவர் களைத்து அமர அங்கே நிழலும் இருக்கையும் உண்டு. அவர் நிலத்தைக் கொடுக்கவில்லை. ஆகவே பத்திரம் எழுதவில்லை. பணத்தைக் கொடுக்கவில்லை, ஆகவே எந்த மன்றமும் கூடி ஏற்கலாமா மறுக்கலாமா என்று வாதிடவில்லை. அவர் கையிலே கறை இருந்தது, மண்ணின் கறை. அமீரின் தோட்டம் என்று மக்களே பெயர் சொல்லத் தொடங்கினர்.

கடைசியாக, நம் முதற்கேள்வி மீண்டும் அந்நகரின் வாயிலைத் தட்டிய நிகழ்ச்சி. பூங்காவை ஒட்டி, ஹாலிவுட் எழுத்துகளுக்கு மேற்கே, காவெங்கா முகடு என்று ஒரு முகடு இருக்கிறது; உயரம் 1,820 அடி. 138 ஏக்கர் தனியார் நிலம். 1940-ல் ஹோவர்ட் ஹியூஸ் என்னும் பெருஞ்செல்வர், காதலிக்கு மாளிகை கட்டுவதற்காக வாங்கினாராம்; காதல் முறிந்தது, மாளிகை எழவில்லை. 2002-ல் சிகாகோ வணிகர் ஏறத்தாழ 17 இலட்சம் டாலருக்கு வாங்கினர். ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை. 2008-ல் 220 இலட்சம் டாலர் விலை சொன்னார்கள். முகட்டிலே மாளிகைகள் எழப்போகின்றன என்று மக்கள் கொதித்தனர். பொது நிலங்களைக் காக்கும் அறக்கட்டளை ஒன்று, 125 இலட்சத்துக்குப் பேசி முடித்து நிதி திரட்டிற்று. சிறுதொகைகளும் பெருந்தொகைகளும் வந்தன. 2010 ஏப்ரலிலே கெடு நெருங்கிற்று. ஒன்பது இலட்சம் குறைந்தது. அந்த ஒன்பது இலட்சத்தைத் தந்தவர் ஹியூ ஹெஃப்னர். பெண்ணின் உடலைப் படமெடுத்து விற்றுச் செல்வரான ஏட்டு முதலாளி. அவர் மாளிகையிலே வாழ்ந்த பெண்கள் சிலர், அங்கே பட்ட துன்பத்தைப் பின்னாளில் வெளிப்படையாகவே கூறினர்.

1912-ல் எழுந்த கூச்சல் 2010-ல் எழவில்லை. வாங்கலாமா என்று பெரிதாகக் கேட்டார் இல்லை. வாங்கினார்கள், கைதட்டினார்கள், முகடு காப்பாற்றப்பட்டது. நாமும் அந்த முகடு காப்பாற்றப்பட்டதிலே மகிழ்கிறோம். ஆனால் வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்று இருந்தது. அது ஹெஃப்னரின் காசோலை அன்று. ஒரு வேலையும் செய்யாமல் காத்திருந்தவர்களுக்கு எட்டாண்டில் நூறு இலட்சத்துக்கு மேல் ஆதாயம் சேர்ந்ததும், தன் மலையைத் தானே வரிப்பணத்திலே மீட்க முடியாமல் உலகின் செல்வம் கொழிக்கும் நகரங்களில் ஒன்று கையேந்தி நின்றதும்தான் அந்த இடம். கையேந்தி நிற்பவனுக்குக் கொடுக்கும் கையைச் சோதிக்கும் நேரம் இருப்பதில்லை. 1912-ல் நகரத்தாருக்கு மறுக்கும் துணிவு இருந்ததற்குக் காரணம், நிலம் முன்பே அவர்களுடையதாக இருந்தது. படிப்பகத்துக்கு நன்கொடை கேட்டுச் செல்லும் இளைஞர் இதையும் மனத்திலே வைத்துக்கொண்டு படியேறட்டும்: முதலில் தெருவாரிடம் ஓரணா ஓரணாவாகத் திரட்டியவருக்குத்தான், பிறகு பெரியதனக்காரர் நிபந்தனை பேசும்போது எழுந்து வர முடியும்.

அந்த முகட்டுக்கு ஏறும் பாதைக்கு, நிதி கொடுத்த எண்ணெய்ச் சீமான் குடும்பத்து அம்மையார் ஒருவரின் பெயரைப் பலகையிலே எழுதி வைத்திருக்கிறார்கள். செங்குத்தான பாதை, ஏறுவோருக்கு மூச்சு வாங்கும். முகட்டின் அருகே ஒற்றைப் பைன் மரம் ஒன்று நிற்கிறது; 2007-ன் தீயொன்று சுற்றிலும் எரித்தபோதும் எரியாமல் தப்பிய மரம். அறிவு மரம் என்பது மக்கள் அதற்கு இட்ட பெயர். அதன் அடியிலே ஒரு பெட்டி இருக்கும். ஏறி வந்தவர்கள் மனத்திலே பட்டதை எழுதி அதிலே வைத்துவிட்டு இறங்குவார்கள். எங்கே போய்வந்தீர்கள் என்று கேட்டால், அறிவு மரத்துக்கு என்கிறார்கள். பலகையிலிருக்கும் பெயரைச் சொல்வோர் குறைவு.